செக் பொயின்டுக்காக நிமிர்த்திய வட்டம்

ஒரு வட்டத்தை நிமிர்த்தி நேர்கோடாக்கிவிட்டால் அது ஆபத்தில்லாத பொருளாகிவிடும் என்று நான் நம்பியிருக்கிறேன். சின்ன வயதில் என்றால் மன்னிக்கலாம். விஞ்ஞானப் பட்டம் ஒன்றை வாங்கி, அக்கா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் நம்பினேன். சும்மா நம்பிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தேன்.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. அக்கா, அத்தான், நான் மூவரும் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். (கடல் தெரியும் வீடு என்று சொல்லித்தான் வாடகைக்குத் தந்தார்கள். குளியலறை யன்னலில் ஏறி நின்று கழுத்தை வளைத்தால் தெரியும்.) அத்தான் எனக்குக் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்த்து வைத்திருந்தார். நான் தலையாட்டுவதுதான் பாக்கி.

“இஞ்ச இருந்து என்னடா செய்யப் போறாய்?” என்பார் அத்தான். “அங்க போனா ஏசி அறை. நிம்மதியா நித்திரை. ஒருத்தனும் மறிச்சு ஐசி காட்டெண்டு கேக்க மாட்டான்.”

“நான் ஆராய்ச்சி செய்யப் போறன் அத்தான்.”

“அதைத்தான் எங்கட வீட்டில வந்து ஆமி செய்யுதே, கட்டிலுக்குக் கீழ கூட விடாம.”

ஆனால் நான் உறுதியாக இருந்தேன். ஒரு பேராசிரியையின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. மேடம் சிங்களவர், ஆங்கிலத்தில்தான் எங்களோடு பேசுவார், சிரிப்பதற்கு முன் ஒரு தரம் யோசிப்பார். அவர் என்னை நேர்முகத்தில் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வேலையைக் கொடுத்தார். அதைச் சரியாகச் செய்தால் இடம் எனக்கு. செய்யாவிட்டால் கட்டார்.

வேலை இதுதான். பிளாஸ்மிட் என்று ஒன்று உண்டு. பக்டீரியாவுக்குள் இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம், கையில் போடும் காப்பு மாதிரி. வெட்டு நொதியம் என்கிற கத்தரிக்கோலால் அந்தக் காப்பை ஓரிடத்தில் வெட்டி, இடைவெளியில் நமக்குத் தேவையான துண்டை வைத்து, திரும்ப ஒட்டிவிடலாம். ஒவ்வொரு கத்தரிக்கும் தனக்கென்று ஆறு எழுத்துச் சொல் ஒன்று இருக்கும். அந்தச் சொல்லைக் காணுமிடமெல்லாம் வெட்டும், மற்ற இடத்தில் கைவைக்காது. ஆகவே காப்பில் ஒரே ஓரிடத்தில் மட்டும் வெட்டும் கத்தரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு இடத்தில் வெட்டினால் காப்பு இரண்டு துண்டு. கதை முடிந்தது.

உப்பு நிலத்தில் தாக்குப்பிடிக்கும் நெல்லின் மரபணு ஒன்றைச் சுமந்த பிளாஸ்மிட்டை, வெளிநாட்டில் இருந்த தோழியிடமிருந்து மேடம் வாங்கி வந்திருந்தார். குழாயின் அடியில் கண்ணீர்த்துளி அளவுக்கு இருந்தது. அந்த மரபணுவின் பின்னால் இன்னொரு சின்னத் துண்டை ஒட்ட வேண்டும்.

“முதலில் கணினியில் செய்து பார். வெட்டு, ஒட்டு, வரைபடத்தை எடுத்துக்கொண்டு வா. கணினியில் எத்தனை தரமும் பிழை விடலாம். குழாயில் முடியாது” என்று சொல்லி, மென்பொருள் இருந்த சீடியைக் கையில் தந்தார்.

அத்தானின் பழைய கணினியில் அதை ஏற்றியபோது எனக்கு உலகமே மறந்துவிட்டது. எழுத்துகளைக் கொண்டுபோய்க் கொட்டினால் திரையில் ஓர் அழகான வட்டம் வரும். சுற்றிவர இலக்கங்கள், நிறம் நிறமாக மரபணுக்கள், வெட்டும் இடங்களில் சிவப்புக் கோடுகள். ஒரு கிளிக்கில் வெட்டும். மறு கிளிக்கில் ஒட்டும். கைகூட நனையாது. வந்த உற்சாகத்தில் நெல்லின் மரபணுவை எடுத்து ஒட்டக்கூடாத இடமெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அந்த மென்பொருள் “வெற்றி” என்றது. (அவ்வளவு பாராட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் பெற்றதில்லை.)

ஆனால் சரியான இடத்தில் ஒட்டத்தான் வழியில்லை. மரபணுவின் பின்னால், வேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த கத்தரி ஒன்றே ஒன்று. ஈகோ-ஆர்-ஒன் என்று பெயர். பட்டியலில் அதன் பக்கத்தில் “2” என்று இருந்தது. அது இன்னோர் இடத்திலும் வெட்டும் என்று அர்த்தம். நான் விடவில்லை. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். “2” அசையவில்லை. கடைசியில், தாளில் எடுத்து வைத்துப் பார்த்தால் ஏதாவது வழி தெரியும் என்று நினைத்து, காலி வீதியில் இருந்த மூர்த்தி அண்ணையின் கொமினிகேஷனுக்குப் போனேன். தொலைபேசி அழைப்பு, போட்டோ கொப்பி, பிரின்ட், பக்கத்தில் கடிக்கக் கல் பணிஸ் எல்லாம் கிடைக்கும் கடை.

மூர்த்தி அண்ணை தன் திரையில் வட்டத்தைத் திறந்தார். பிறகு கடை வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சுதன், என்ன இது?”

“பிளாஸ்மிட் மெப் அண்ணை.”

“உஸ்ஸ்! மெப்பெண்டு சத்தம் போட்டுச் சொல்லாதையும். எந்த இடத்து மெப்?”

“இடம் ஒண்டுமில்லை அண்ணை. பக்டீரியாவுக்குள்ள இருக்கிறது.”

“சுத்திவர நம்பர் போட்டுக் கிடக்கு. இந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன?”

“அது வெட்டுற இடம்.”

“ஆரை?”

நான் விஞ்ஞானத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் காதில் விழுத்தவில்லை. திரையை வாசலுக்கு முதுகு காட்டுமாறு திருப்பிவிட்டார்.

“இஞ்ச பாரும், எனக்கு நீர் நல்ல பொடியன் எண்டு தெரியும். செக் பொயின்டில நிக்கிறவனுக்குத் தெரியுமே? வட்டமாக் கிடக்கு, மணிக்கூடு மாதிரிக் கிடக்கு, சுத்திவர வயர் மாதிரிக் கிடக்கு. மணிக்கூடும் வயரும் எண்டா அவன் என்னத்தை நினைப்பான்? எந்தக் கடையில அடிச்சனி எண்டு கேப்பான். நீர் என்ர பேரைச் சொல்லுவீர்.”

“சொல்ல மாட்டன் அண்ணை.”

“சொல்லுவீர். அவன் அடிக்க முதலே சொல்லுவீர், உம்மட முகத்தைப் பாத்தாலே தெரியுது. போய் நேரா ஒரு கோடாக் கீறிக்கொண்டு வாரும், அடிச்சுத் தாறன்.”

இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். அந்த மாதம்தான் எங்கள் கீழ்மாடியில் வானொலி திருத்தும் ஒருவரை, அவர் பையில் இருந்த ஒரு மின்சுற்றுப் படத்துக்காகக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தபின் அவர் வானொலி பக்கமே போகவில்லை. கிருலப்பனையில் சொந்தக்காரரின் மரக்கறிக் கடையில் நின்றார். ஆகவே மூர்த்தி அண்ணையின் பயம் எனக்கும் தொற்ற அதிக நேரம் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மென்பொருளின் ஓர் ஓரத்தில் “வட்டம்” என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சரி அடையாளம். அதை எடுத்துவிட்டேன். “நிச்சயமா?” என்று கேட்டது. (மென்பொருளுக்கு என்மீது இருந்த அக்கறைகூட எனக்கு என்மீது இருக்கவில்லை.) ஓம் என்று அழுத்தினேன். வட்டம் உச்சியில் அறுந்து, சோம்பல் முறித்து, நீட்டி நிமிர்ந்து படுத்தது. பார்க்கவே சாதுவான ஒரு கோடு. எந்த ஆமிக்காரனும் அதைப் பார்த்துக் கொட்டாவிதான் விடுவான்.

அப்போதுதான் கண்டேன். ஈகோ-ஆர்-ஒன்னின் பக்கத்தில் “1” என்று இருந்தது.

ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பட்டம் பெற்றவன் அதைத்தான் கேட்பான். நானோ பம்பலப்பிட்டிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். தேங்காயை உடனே போய் உடைத்தேன். வந்து ஈகோ-ஆர்-ஒன்னால் வெட்டி, துண்டை ஒட்டி, மென்பொருளிடம் “வெற்றி” வாங்கி, மூர்த்தி அண்ணையிடம் ஓடினேன்.

“ஆ, இது நல்லம். கோடு கீறுற அடிமட்டம் மாதிரிக் கிடக்கு” என்று சொல்லி அடித்துத் தந்தார்.

அடுத்த நாள் காலையில் அதை ஃபைலில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தாமல் கை காட்டிப் போகச் சொன்னார்கள். முழுப் பஸ்ஸையும் காப்பாற்றியது என் நேர்கோடு என்றே நினைத்தேன். பக்கத்து இருக்கை அம்மாவைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அவர் தன் கைப்பையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர் ஸ்டெல்லா. கொட்டாஞ்சேனைக்காரி, அப்பா துறைமுகத்தில் கிளார்க். என்னைவிட ஒரு வருடம்தான் மூத்தவர், ஆனால் வாய் பத்து வருடம் மூத்தது. வரைபடத்தை வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

“என்ன மேன் இது, ஸ்கேல் மாதிரி? பிளாஸ்மிட்னா ரவுண்டால்ல இருக்கணும்?”

“இது ஒரு புது ஸ்டைல்.”

“ரவுண்டா கீற உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். வடிவா இருக்கட்டும் எண்டு.”

மேடம் ஏதோ கூட்டத்துக்கு அவசரமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி, “ஒரே இடத்தில்தானே வெட்டுகிறது? நிச்சயமா?” என்று கேட்டார். மென்பொருள் கேட்ட அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன்.

குழாயில் இருந்த முழுவதையும் நான் ஊற்றப் போனேன். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பாதி போதும். ரொம்பத்தான் கொன்ஃபிடன்ஸ்.” பாதியை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். மற்றப் பாதியில் கத்தரியைப் போட்டோம். சூட்டில் வைத்தோம். பிறகு ஜெல்லில் ஓட்டினோம். வெட்டிய டி.என்.ஏ. துண்டுகள் ஜெல்லுக்குள் ஓடி, புறஊதாக்கதிர் விளக்கில் ஒளிரும் கோடுகளாகத் தெரியும். ஒரு துண்டுக்கு ஒரு கோடு.

விளக்கைப் போட்டதும் ஸ்டெல்லா குனிந்து பார்த்தார்.

“நீங்க ஒரு கோடு கீறிக் கொண்டுவந்தீங்க. இது ரெண்டு கோடா திருப்பித் தந்திருக்கு.”

நான் குனிந்தேன். இரண்டு. தெளிவான, தடித்த, வெட்கமில்லாத இரண்டு கோடுகள்.

அடுத்த சில நிமிடங்களில் நான் சொன்னவை வருமாறு: ஒன்று நிழல். கண்ணாடியில் அழுக்கு. (சட்டையின் முனையால் துடைத்தேன். ஜெல் வழுக்கியது. ஸ்டெல்லா கத்தினார்.) மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும். நொதியம் பழுதாகியிருக்கும். கொண்டுவரும் வழியில் பிளாஸ்மிட் பயந்திருக்கும்.

“பிளாஸ்மிட் பயந்துச்சா?” என்றார் ஸ்டெல்லா.

அதுவரைக்கும்தான் என்னால் சமாளிக்க முடிந்தது. அந்த “2” எங்கே போனது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆய்வுகூடத்துக் கணினியில் உட்கார்ந்து, என் கோட்டைத் திறந்து, “வட்டம்” என்ற பெட்டியில் சரி அடையாளத்தைத் திரும்ப வைத்தேன். கோடு சுருண்டு வட்டமானது. தலையும் வாலும் வந்து முட்டிய உச்சியில், சிவப்பாக, ஈகோ-ஆர்-ஒன்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் நீட்டிப் போட்டால், கொழுவியின் பாதி ஒரு நுனியிலும் மறுபாதி மற்ற நுனியிலும் கிடக்கும். பூட்டினால்தான் அது கொழுவி. அதே கதைதான். கத்தரி தேடும் ஆறு எழுத்தில் மூன்று என் கோட்டின் வாலிலும் மூன்று தலையிலும் கிடந்தன. வட்டத்தில் அது ஒரு சொல். கோட்டில் அது ஒன்றுமேயில்லை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. நேர்கோடு என்று நான் சொன்னேன், பாவம் அது நம்பிவிட்டது. குழாய்க்குள் இருந்த பிளாஸ்மிட் மட்டும் என்னை நம்பவில்லை. அது வட்டமாகவே இருந்து, இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு, இரண்டாகப் போயிருந்தது.

மேடம் திரும்பி வந்தார். ஜெல்லைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒரு விநாடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு, ஒன்றைத் தவிர.

“ஏன் நேராக்கினாய்?”

“வடிவாக...” என்று தொடங்கினேன். ஸ்டெல்லா தொண்டையைச் செருமினார். நான் நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். மூர்த்தி அண்ணை, மணிக்கூடு, வயர், கீழ்மாடி வானொலிக்காரர், எல்லாம். சொல்லிக்கொண்டே கட்டாருக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுபோவது என்று மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பெட்டிக்குச் சில்லு உடைந்திருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

“மிச்சம் எவ்வளவு இருக்கிறது?”

“பாதி” என்றார் ஸ்டெல்லா.

“போதும். பக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “வேறு திட்டம் ஒன்று போட்டு நாளைக்குக் கொண்டுவா. வட்டமாக. மடிக்காமல், அதே பஸ்ஸில்.”

“மேடம், செக் பொயின்டில்...”

“என் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தருகிறேன். யாராவது மறித்தால் எனக்கு எடுக்கச் சொல். ஆனால் வட்டமானதை வட்டமாகத்தான் நான் பார்க்க வேண்டும்.”

அன்று பின்னேரம் முழுவதும் கணினியை விட்டு எழும்பவில்லை. ஒரு கத்தரியை நம்பிக் கிடக்காமல், இரண்டு வேறு வேறு கத்தரிகளைச் சேர்த்துப் பாவிக்கும் வழி ஒன்று இருந்தது. முதல் நாளே இருந்திருக்கும். நான்தான் தேங்காய் உடைக்கப் போய்விட்டேனே. “வட்டம்” பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முடித்தேன். பிறகு மூர்த்தி அண்ணையிடம் போனேன்.

“திரும்ப வட்டமோ!” என்றார் அவர்.

“அடியுங்கோ அண்ணை. ஆரும் கேட்டா வீட்டில அடிச்சதெண்டு சொல்லுறன்.”

“உம்மட வீட்டில பிரின்டர் இல்லையே.”

“அது அவங்களுக்குத் தெரியாது.”

“அவங்களுக்கு எல்லாம் தெரியும் சுதன்.”

“அப்ப இது பக்டீரியா எண்டதும் தெரிஞ்சிருக்கும். அடியுங்கோ.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சிவப்பு மை மட்டும் தர மாட்டேன் என்று, கறுப்பில் அடித்துத் தந்தார்.

வீட்டில், மறித்தால் என்ன சொல்வது என்று சிங்களத்தில் ஒத்திகை பார்த்தேன். அத்தான் ஆமிக்காரனாக நாற்காலியில் இருந்தார். இது ஒரு கிருமியின் படம் என்று சொல்ல நினைத்து, சிங்களத்தில் கிருமிக்கு உள்ள “விஷபீஜ” என்ற சொல்லைப் போட்டேன். அத்தான் எழும்பிவிட்டார்.

“விஷம் எண்டு தொடங்கினியோ, அதுக்குப் பிறகு என்ன பீஜ எண்டு அவன் கேக்க மாட்டான். நேரா உள்ளுக்குத்தான். விசரே உனக்கு? கட்டாருக்குப் போறதெண்டா ஒரு வட்டமும் கீறத் தேவையில்லை.”

“நான் இதைக் கொண்டுபோகத்தான் போறன் அத்தான்.”

காலையில் அக்கா சாப்பாட்டுப் பார்சலைக் கட்டித் தந்தபோது, வழக்கத்தைவிட இரண்டு கருவாட்டுத் துண்டு கூட வைத்திருந்தாள்.

அன்று பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு கக்கத்தில் ஃபைல், ஒரு கையில் பை, பல்லிடுக்கில் அடையாள அட்டை என்று நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

அதன்பின் நடந்ததை வீட்டில் நான் சொன்னது இப்படி. ஆமிக்காரன் ஃபைலைத் திறந்தான். வட்டத்தைக் கண்டதும் தோளில் தொங்கிய துவக்கை இறுக்கிப் பிடித்தான். நான் கலங்காமல் நின்று, தூய சிங்களத்தில், மரபணு என்றால் என்ன, நெல்லுக்கு உப்பு ஏன் ஆகாது என்று விளக்கினேன். அவன் அனுராதபுரத்து விவசாயியின் மகன். கண் கலங்கி, “இந்த நெல்லு எங்கட ஊருக்கும் வருமா?” என்று கேட்டான். எனக்கு சல்யூட் அடித்தான்.

அக்கா முழுதும் நம்பினாள். அத்தான் பாதி நம்பி, கட்டாருக்குத் தொலைபேசி எடுத்து அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். மேடம் வட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, உச்சியிலிருந்து சுற்றிவரப் பார்த்துவிட்டு, இடத்தை எனக்குத் தந்தார். கொஞ்சக் காலம் கழித்து, குழாயிலும் அது சரியாகவே ஒட்டியது. அப்போது ஜெல்லைப் பார்த்த ஸ்டெல்லா சொன்னது ஒன்றுதான்: “இன்னிக்கு பிளாஸ்மிட் பயப்படல்ல போல.”

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்கு வயிறும் வந்துவிட்டது, வழுக்கையும் வந்துவிட்டது. இன்றும் அக்கா வீட்டுக்குப் போனால், தோசைக் கல்லின் முன்னால் நின்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்பாள்: “தம்பி, வட்டமா ஊத்தவோ, செக் பொயின்டுக்காக நீட்டா ஊத்தவோ?” அவளுடைய பிள்ளைகளுக்குக் கதை தெரியாது, ஆனால் அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியும். அத்தானோ, கலியாண வீடுகளில் புதியவர் யாராவது அகப்பட்டால், எனக்கு சல்யூட் அடித்த ஆமிக்காரனின் கதையை எடுத்துவிடுவார். அவருடைய பதிப்பில் இப்போது அவன் ஒரு கேர்னல்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். என் முறை வந்தது. அவன் அடையாள அட்டையைப் பார்த்தான். பையைத் திறக்கச் சொன்னான். சாப்பாட்டுப் பார்சலை எடுத்து, ஒரு விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், “கரவலத?” என்று கேட்டான். கருவாடுதான் என்றேன். தலையாட்டிவிட்டு, “யன்ன” என்று போகச் சொன்னான். போர் முடியும்வரை நான் எத்தனையோ வட்டங்களைச் சுமந்துகொண்டு அந்த வழியால் போய் வந்தேன். ஒருவரும் ஒருநாளும் ஃபைலைத் திறக்கச் சொல்லவில்லை.